புவனாவின் விண்ணப்பமும் வதிவிட மாவட்டமும்

12.1.82 செவ்வாய்

காலையில் கடும் பனி. வேலியைக் காணவில்லை. மாட்டைக் காணவில்லை. கொஞ்ச நேரம் என் கால்களையே காணவில்லை. தேடி எடுத்துச் செருப்பை மாட்டினேன்.

வயலில் அருவி வெட்டுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. இன்று அரச கருமம்.

கருமமாவது: அக்கா மகள் புவனேஸ்வரி (இனிமேல் பு. முழுப்பெயர் எழுத மை காணாது) உயர்தரச் சோதனையில் நாலு பாடமும் பாஸ். பாலையடிக் குடியேற்றத்திலேயே முதல் ஆள். கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தையும் சேர்த்தால் எங்கள் பரம்பரையில் ஆதிமனிதனுக்குப் பிறகு முதல் ஆள்.

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் வந்தாயிற்று. கூடவே ஒரு கைநூல். மெற்றில்டா ரீச்சர் கொண்டுவந்து தந்தா. ரீச்சர் முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். பு.வுக்கு வரலாறு படிப்பித்தவ. தந்த கையோடு ஒரு கட்டளையும்:

"அண்ணை, முதல்ல கைநூலை வாசியுங்கோ. ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன கருத்தெண்டு விளங்கின பிறகு பேனையைத் தொடுங்கோ. முப்பதாந் திகதிக்கு முன்னம் கொழும்புக்குப் போய்ச் சேரவேணும்."

யாரைப் பார்த்து! குடியேற்றம் முழுவதற்கும் மனு எழுதுகிறவன் நான். துணுக்காய் தொடக்கம் தென்துருவம் வரை என் மனுக்கள் பிரசித்தம். கிணறு கேட்டு எழுதியதை வாசித்து ஒரு பொறியியலாளர் தேம்பித் தேம்பி அழுதாராம். கிணறு இன்னும் வரவில்லை. அழுகை வந்ததே, அது போதாதா.

பு. சொன்னாள்: "ரீச்சர் சொல்றது சரிதான் மாமா. எனக்கே பாதிச் சொல்லு விளங்கல்ல."

ஆகவே மொழிபெயர்ப்பாளராக, வியாக்கியானகர்த்தாவாக, சர்வ அதிகாரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

13.1.82 புதன்

பனி குறைவு. கைநூலை மூன்று தடவை வாசித்தேன். (உண்மை: ஒன்றரைத் தடவை. தனிப்பட்ட குறிப்பில் பொய் எதற்கு.)

சொல்லும் பொருளும், நானும் பு.வும் சேர்ந்து ஆக்கியது:

பீடம் – ஒரே இனப் பாடங்களை ஒரு கூரையின் கீழ் சேர்த்து வைப்பது. கலைக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று. பு. கலைப்பீடம்.

பீடாதிபதி – மேற்படி பீடத்தின் தலைவர். சிங்காசனத்தில் இருப்பார் என்றேன். "கைநூலில சிங்காசனம் இல்ல மாமா" என்றாள். அச்சடித்தவன் விட்டிருப்பான்.

வேந்தர் – பட்டமளிக்கும் நாளில் வந்து பட்டம் கொடுப்பவர்.
உபவேந்தர் – மற்ற எல்லா நாட்களிலும் வேலை செய்பவர். இது நமக்கு உடனே விளங்கியது. தோட்டத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும்.

உள்வாரி – உள்ளே போய் இருந்து படிப்பது.
வெளிவாரி – வீட்டில் இருந்து படித்து, சோதனைக்கு மட்டும் போவது. மாடு மேய்த்துக்கொண்டும் செய்யலாம். அக்கா கேட்டாள், "அப்ப அது போதாதா?" பு. முகத்தைப் பார்த்தேன். போதாது.

பொதுப்பட்டம் – மூன்று வருஷம், பல பாடம்.
சிறப்புப்பட்டம் – நாலு வருஷம், ஒரு பாடத்தில் ஆழமாக. முதல் வருஷச் சோதனையில் நன்றாகச் செய்தால்தான் விடுவார்கள்.

கலைமாணி – முதற்பட்டம். முதுமாணி – அடுத்தது. கலாநிதி – அதற்கும் மேலே, ஊசி போடாத டாக்குத்தர்.

விரிவுரை – கரும்பலகையில் எழுதிப்போட மாட்டார்கள். அவர் பேசுவார், நாம் எது வேண்டுமோ அதைக் குறிக்க வேண்டும். எது வேண்டும் என்று எப்படித் தெரியும்? பு.வுக்கும் எனக்கும் ஒரே சந்தேகம். கைநூல் மௌனம்.

விருப்ப ஒழுங்கு – எந்தப் பாடநெறி, எந்த இடம் என்று ஆசைப்படும் வரிசையில் இலக்கம் போடுவது. மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தானாக அழிந்துவிடும். ஆகவே கடைசி ஆசையை முதலில் போட்டுவிடக்கூடாது. இந்தப் புத்தி எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் இருந்திருந்தால்!

பகிடிவதை – கைநூலில் இல்லை. ரீச்சர் சொன்னா. புதுப்பிள்ளைகளைப் பழைய பிள்ளைகள் படுத்தும் பாடு. ஒருத்தன் என் மருமகளைத் தொட்டால் ஆயிரம் யானையோடு வருவேன் என்றேன். "பஸ்ஸில ஏத்த மாட்டான் மாமா."

வதிவிட மாவட்டம் – இது நமக்குத் தெரிந்ததுதான். விளக்கம் தேவையில்லை.

14.1.82 வியாழன்

பொங்கல். கிழக்குப் பக்கம் வழிந்தது. பு. பானையைப் பார்க்காமல் கைநூல் வாசிக்கிறாள். அக்கா கத்தினாள், "அத தூக்கி அடுப்பில வைக்கப்போறேன் பாரு!" வைக்கவில்லை. தானே எடுத்து, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அலுமாரிக்கு மேலே சாமிப் படத்தோடு வைத்தாள். வாசிக்கத் தெரியாதவள் அதைத் தலைகீழாக வைக்கவில்லை. எப்படியோ தெரிகிறது.

16.1.82 சனி

வெயில். படிவம் நிரப்பும் வைபவம்.

அக்கா பிஸ்கட் தகரத்தை இறக்கினாள். உள்ளே அத்தானின் பிரஜாவுரிமைப் பத்திரம், பிளாஸ்டிக் உறையில். பிள்ளைகளின் பெயரும் அதில். எந்தப் படிவமும் இந்தப் பத்திரத்தை முன்னால் வைத்துத்தான் நிரப்புவது. பத்திரத்தில் எப்படியோ அப்படியே, புள்ளி பிசகாமல். எங்கள் சனத்தின் சட்டம் இது. அத்தானுக்குப் பத்திரம் கிடைக்க நாலு வருஷம் இழுத்தது ஏன்? அரிசிக் கூப்பனில் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு என்றிருந்தது, மனுவில் மேற்பிரிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓடைதான். அந்த ஓடையைத் தாண்ட நாலு வருஷம். பத்திரம் வந்தபோது அத்தானுக்குக் கடும் இருமல். கையில் வாங்கிப் பார்த்தார். அடுத்த மாதம் போய்விட்டார்.

ஆகவே நிரந்தர முகவரி: மேற்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா. வதிவிட மாவட்டம்: கண்டி.

இப்போதைய முகவரி: பாலையடி, முல்லைத்தீவு மாவட்டம். தபால் வரவேண்டுமே.

என் எழுத்து முத்து முத்தாக. பு. கையெழுத்து வைத்தாள். வைக்குமுன் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தாள். நடுக்கம் என்று நினைத்தேன். "பயப்படாத புள்ள, கொழும்பே எழும்பி நிக்கும்" என்றேன்.

பிரதி ஒன்று எடுத்து வைத்தேன், வழக்கப்படி, முழுக்கக் கையால்.

18.1.82 திங்கள்

சைக்கிளில் தபாற்கந்தோர். பதிவுத்தபால். தபாலதிபர் முத்திரை குத்திய சத்தம் வவுனியாவில் கேட்டிருக்கும். பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கப் போட்டாயிற்று. திரும்பும் வழியில் காற்று நிறைந்த டயர், காற்று நிறைந்த நெஞ்சு. வழியில் கண்ட எல்லாருக்கும் சொன்னேன். கண்டிராதவர்களுக்கும் நின்று சொன்னேன்.

20.1.82 புதன்

வானம் மப்பு. மழையில்லை.

பின்னேரம் ரீச்சர் வந்தா. பெருமையாகப் பிரதியை நீட்டினேன். வாசித்தா. இரண்டாம் பக்கத்தில் நின்றா. நின்றா. எழுத்தழகில் மயங்கிவிட்டா என்று நினைத்தேன்.

"என்னண்ணை இது? கண்டி எண்டெல்லோ போட்டிருக்கிறியள்!"

"பத்திரத்தில அப்படித்தானே ரீச்சர்."

"ஐயோ, பத்திரத்தை ஆர் கேட்டது? வதிவிட மாவட்டம் எண்டால் பிள்ளை எங்கயிருந்து படிச்சவளோ அது. இடம் குடுக்கிறது மாவட்டப் பங்குப்படி. முல்லைத்தீவுப் பிள்ளையள் முல்லைத்தீவுப் பிள்ளையளோட போட்டி. நீங்கள் இவளைக் கொண்டுபோய்க் கண்டிப் பெரிய பள்ளிக்கூடக்காரரோட நிக்க வைச்சிருக்கிறியள்."

"இவ நாலு பாடம் பாஸ்!"

"அண்ணை, இவளின்ர புள்ளி இங்க இடம் கிடைக்கக் காணும். அங்க காணாது. அதுவும் பள்ளிக்கூடம் முல்லைத்தீவு, வதிவிடம் கண்டி எண்டால் பொருந்தேல்ல எண்டு படிவத்தையே தூக்கி எறிஞ்சாலும் எறிவினம். உங்களிட்டை நான் என்ன சொன்னனான்? ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்து!"

விளக்கம் தேவையில்லை என்று பதினாலு சொல்லுக்குக் கீழே பதினைந்தாவதாக எழுதியவன் நான். இதே கொப்பியில். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியவை, ரீச்சர் சொன்னபடி:
1. திருத்தக் கடிதம்.
2. பாலையடியில் நிரந்தரமாக வசிக்கிறாள் என்று கிராம அதிகாரியான விதானையாரின் உறுதிக் கடிதம்.
3. அதில் துணுக்காய் ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) கந்தோரில் மேலொப்பம்.
4. எல்லாம் முப்பதுக்குள் கொழும்பில்.

ரீச்சர் போனபிறகு பு. குசினிக்குள். பகிடி ஒன்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

21.1.82 வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. (மூன்று கோப்பை சோறு மட்டும்.)

பு. தண்ணீர் எடுக்கப் போகும்போது கூடவே போனேன். "புள்ள, மாமா மடையன்."

"நான் அன்னைக்கே கண்டேன் மாமா."

"என்னத்த?"

"கண்டின்னு எழுதினத. பிழைன்னு தெரிஞ்சிச்சு. கைநூலில இருந்திச்சு தானே. ஆனா அம்மா அந்தப் பத்திரத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பாட பேருக்கு மேல வெரல வச்சிக்கிட்டு. எனக்குச் சொல்ல வாய் வரல்ல."

வாளியில் தண்ணீர் தளும்பிற்று.

முகவரியை மாற்ற அக்கா இன்னும் மறுப்பு. "அந்த வெலாசத்த வெட்டினா நம்மகிட்ட என்னடா மிச்சம்? நாளைக்கு பத்திரமும் செல்லாதுன்னு சொன்னான்னா?"

செல்லும் என்றேன். பத்திரம் வேறு, வதிவிடம் வேறு என்றேன். எனக்கே நேற்றுத்தான் தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

யோசனை: அந்த நாலாம் காம்பரா யாருடையது? தோட்டத்துடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. வேலைப் பதிவில் பேரை வெட்டினால் காம்பராவும் போகும். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்து விரட்டிய அன்று கதவைச் சாத்திவிட்டு வரக்கூட நேரமில்லை. சாத்த அது எங்கள் கதவும் இல்லை. அதற்குப் பெயர் நிரந்தர முகவரி. இங்கே காடு வெட்டியது நான். மண் குழைத்தது அக்கா. கூரைக்குக் கிடுகு பின்னியது பு. இதற்குப் பெயர் இப்போதைய முகவரி. இவ்வளவு காலமும் இதை எழுதிய கை ஒரு தடவையும் நின்று யோசிக்கவில்லை.

22.1.82 வெள்ளி

விதானையார் வீடு. நல்ல மனிதர், மெதுவான மனிதர். ஆமை இவரைப் பார்த்தால் ஒதுங்கி வழி விடும், பொறுமையில்லாமல்.

"இருங்கோ. என்ன விசயம்?"

சொன்னேன். கேட்டார். வெற்றிலை போட்டார். எழும்பிப் போய் ஒரு பைலோடு வந்தார். தூசி தட்டினார். ஒரு கடதாசியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உம்மட கையெழுத்துத்தானே?"

என் முத்து எழுத்து. எழுபத்தெட்டாம் ஆண்டு. காட்டை வெட்டிக் குடியேறியதற்கு வழக்குப் போடப்போகிறார்கள் என்ற பயத்தில், எல்லாருக்குமாக நான் எழுதிய மனு:

"கனம் ஐயா, நாங்கள் நாலு நாள் தங்கிப் போகும் பறவைகள். மழை விட்டதும் பறந்துவிடுவோம். இம்மண்ணில் ஒரு பிடியும் எங்களுக்கு வேண்டாம். பறவைக்கு எதற்கு ஐயா காணி வழக்கு?"

அன்றைக்கு இதை வாசித்துக் காட்டியபோது சனம் கைதட்டியது.

விதானையார்: "வடிவாத்தான் எழுதியிருக்கிறீர். இதைப் பார்த்துத்தான் வழக்கும் போடாமல் விட்டவை. இப்ப நிரந்தரம் எண்டு நான் எப்பிடி எழுதுறது? பறவையெண்டு நீர் எழுதித் தந்திருக்கிறீர்."

கடதாசியை மெதுவாக அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

"காணி ஆருடையது எண்டு நான் கேக்கேல்ல," என்றார். "பெர்மிட்டும் கேக்கேல்ல. இருக்கிறியளோ எண்டுதான் எனக்கு வேணும். நிரந்தரமாய் இருக்கிறம் எண்டு உங்கட வீட்டுக்கு மட்டும் எழுதித் தாரும். வீட்டுத் தலைவி கையடையாளம் வைக்கட்டும். நான் உறுதிப்படுத்துறன். ஆனால் ஒண்டு. அந்தக் கடதாசியும் இந்தப் பைலிலதான் கிடக்கும். நாளைக்குக் காணிக் கந்தோர் வந்து, எழும்பமாட்டினமாம் எண்டு வழக்கு வைச்சால், நான் ஒளிக்கமாட்டன்."

வீட்டுத் தலைவி என்றால் அக்கா. இப்போது சைக்கிள் மிகப் பாரம்.

23.1.82 சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பறவை மனுவையும். வழக்கு வரக்கூடும் என்பதையும். மிகைப்படுத்தவில்லை. இது எனக்குப் புதுப் பழக்கம், நாக்கு உளைகிறது.

அக்கா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எழுதாட்டி?"

"படிவம் கண்டிப் பட்டியலில போகும். அல்லது குப்பைக்குப் போகும். புவனாவுக்கு இந்த வருஷம் இல்ல."

"எழுதினா வீடு போகுமா?"

"போகலாம். போகாமலும் விடலாம்."

புடைத்தாள். உமி என் முகத்தில்.

"தம்பி, எழும்புன்னு சொன்னவுடன எழும்பி வந்தோமே, ஒருக்கா. இன்னொரு தடவ எழும்ப எனக்கு முழங்கால் இல்லடா. எழும்பமாட்டேன்னு தானே எழுதணும்? உண்மையத்தானே எழுதச் சொல்றாரு. எழுது."

எழுதினேன். மூன்று வரி. பறவை இல்லை, மழை இல்லை, கனம் ஐயாவும் ஒன்றே ஒன்று. அக்கா பெருவிரலை மையில் அமுக்கி வைத்தாள். கடதாசி கிழியும் அளவுக்கு.

24.1.82 ஞாயிறு

விதானையார் கையெழுத்து, முத்திரை. திருத்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பு. பேனையை வாங்கிக்கொண்டாள்.

"இது நான் எழுதுறேன் மாமா."

"இலக்கணம்..."

"கைநூலில மாதிரிக் கடிதம் இருக்கு."

கொடுத்தேன். கொஞ்சம் கோபம். எழுத்துப் பெரிதாக, அலங்காரம் இல்லாமல். ஒவ்வொரு சொல்லையும் கைநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். வாசித்து முடித்து மறுபடி வாசிக்கிறாள். நான் ஒரு மனுவையும் இரண்டாம் தடவை வாசித்தவனில்லை. வாசித்திருந்தால் பறவை பறந்திருக்காது.

இரவுச் சாப்பாட்டில் உப்பு அதிகம். எல்லாரும் சாப்பிட்டு முடித்தோம்.

25.1.82 திங்கள்

மப்பு கலைந்தது. பு.வும் நானும் முதல் பஸ்ஸில் துணுக்காய். ஏ.ஜி.ஏ. கந்தோர். மர வாங்கில் இருந்தபடி இரண்டரை மணித்தியாலம் (என் கணக்கில் இரண்டரை யுகம்). பக்கத்தில் இரண்டு கிழவர் உர மானியத்தைப் பற்றி:

"நாளைக்கு வரச் சொன்னவர்."

"நேற்றும் அதைத்தானே சொன்னவர்."

"அப்ப அது இண்டைக்குத்தான்."

எழுதுவினைஞர் இளைஞர். தடித்த கண்ணாடி. விதானையாரின் கடிதத்தை வாசித்தார். அக்காவின் பெருவிரல் அடையாளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு அச்சடித்த படிவத்தை எடுத்தார்.

"எந்தத் திகதியில இருந்து நிரந்தரம்?"

"அதுல போட்டிருக்குதுங்களே, வசிக்கிறோம்னு," என்றேன்.

"வசிக்கிறியள் சரி. எப்ப தொடக்கம்? இதுக்குள்ள ஒரு திகதி போடவேணும்."

யோசித்தேன். லொறி எங்களை இறக்கிவிட்ட நாளா? பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்த நாளா? காட்டில் முதல் மரத்தை வெட்டிய நாளா? கூரை போட்ட நாள் ஒன்று இருக்கிறது. முதல் நெல் வெட்டிய நாள். போன சனிக்கிழமை, அக்கா பெருவிரல் வைத்த நாள். நேர்மையாகச் சொன்னால் அதுதான். ஆனால் அதைப் போட்டால் பு. படித்த வருஷம் ஒன்றும் சேராது. எல்லாம் போச்சு. வாயைத் திறந்தேன்.

பு. முந்திக்கொண்டாள்: "எழுபத்தேழு ஆவணியில இருந்து."

எழுதுவினைஞர் நிமிர்ந்தார். "வந்த அண்டைக்கே நிரந்தரமோ பிள்ளை?"

"ஓம்."

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"ஓம் ஐயா. வந்த அண்டைக்கே."

என்னைப் பார்க்கவில்லை. அவர் எழுதினார். உள்ளே கொண்டுபோனார். ஏ.ஜி.ஏ. கையெழுத்து, பெரிய முத்திரை. அங்கேயே தபாற்கந்தோர், பதிவுத்தபால், துண்டு அவள் கையில். வெள்ளிக்குள் கொழும்பு போய்விடும் என்றார்கள்.

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவள் யன்னல் பக்கம்.

வந்த அன்றைக்கு லொறியை விட்டு இறங்கமாட்டேன் என்று பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறியது இவள்தான். பதினாலு வயதுப் பிள்ளை. அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் கழற்றித்தான் இறக்கினோம். எழுதுவினைஞரிடம் நான் அதைச் சொல்லவில்லை.